இரண்டு உதறல், ஒரு மடிப்பு

காலை ஆறு பதினேழு.

ஹோட்டலின் பின்வாசலில் ஒரு படுக்கை விரிப்பின் ஒரு முனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் இஸ்திரி. மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி, அவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறவன். விரிப்பின் ஒரு பக்கம் பதினைந்து கேமராக்கள். மறுபக்கம் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் துணைத் தலைவர்.

இஸ்திரி என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பதினோராம் தெருக் கால்பந்து ரசிகர் மன்றம் வைத்த பெயர். அந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை, இப்போது சூப்பர்வைசர். மன்றத்தின் கொடி, பேனர், பதினாறு உறுப்பினர்களின் ஜெர்சி எல்லாவற்றையும் ஆட்டத்துக்கு முந்தின நாள் தேய்த்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் தேய்த்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தோற்றால்கூட ஒரு கம்பீரம் இருக்கும் என்று மன்றத்தில் சொல்வார்கள். அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு சலவைப் பிரிவின் போன் அலறியது. மேனேஜர்.

"இருக்கறதுலயே பெரிய பெட்ஷீட்ட எடுத்துக்கிட்டு ரெண்டு பேர் பின்வாசலுக்கு ஓடி வாங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை. ஓடினார்கள். விரிப்பைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் யாரை மறைக்கிறோம் என்று இஸ்திரி எட்டிப் பார்த்தார்.

வெள்ளித்தலை!

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கதை இது. உலகக் கோப்பைக்குப் போக ஒரே ஒரு இடம் பாக்கி. இஸ்திரியின் நாடும் பக்கத்து நாடும் புள்ளியில் சமம், கோல் கணக்கில் சமம், வாங்கிய மஞ்சள் அட்டையில்கூடச் சமம். குலுக்கல் போட்டார்கள். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இரண்டு பந்து. வெள்ளைவெளேரென்று தலைமுடி வைத்த இந்த மனிதர் கையை உள்ளே விட்டார், கிண்ணத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார், பக்கத்து நாட்டின் பந்தை எடுத்தார். முடிந்தது.

அந்தப் பந்து ஃப்ரிட்ஜில் வைத்த பந்து என்பது மன்றத்தின் செயலாளர் விசிலின் கட்சி. தொட்டாலே ஜில்லென்று தெரிந்துவிடுமாம். விசில் பஸ் கண்டக்டர். டியூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்தில் விசில் தொங்கும். யாராவது நம்பவில்லை என்றால் வீட்டுக்கு இழுத்துப்போய், கண்ணைக் கட்டி, டப்பாவுக்குள் ஃப்ரிட்ஜ் முட்டை ஒன்று, வெளி முட்டை ஒன்று வைத்து நிரூபித்துக் காட்டுவார். இதுவரை நாற்பது பேருக்கு நிரூபித்தாகிவிட்டது. மூன்று முட்டை உடைந்திருக்கிறது.

அந்த வெள்ளித்தலையைத்தான் லஞ்சக் குற்றத்துக்காக விடியற்காலையில் அறையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தது. டை கழுத்தில் இல்லை, பாக்கெட்டில் இருந்தது. காலில் ஹோட்டல் செருப்பு. தன் கைப்பையைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு முன்னங்கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"மாமா, கை வலிக்குது" என்றான் மாப்பிள்ளை. அவனுக்குக் கால்பந்து என்றால் இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வது. அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

"மூச்சு விடாத. கார் வந்துருச்சு."

கார் வந்தது. கூடவே காற்றும் வந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சலவைப் பிரிவில் பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒரு உதறல். இன்னொரு உதறல். உடனே கைகள் சேரும், இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடப்பார்கள், முனைகள் கைமாறும், இன்னொரு மடிப்பு, பக்கத்தில் இருக்கும் தட்டில் வைத்துவிட்டு அடுத்த விரிப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. இஸ்திரி இருபத்திரண்டு வருடம், மாப்பிள்ளை ஒன்பது வருடம். இதில் மூளைக்கு வேலையே இல்லை. மூளை அந்த நேரத்தில் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும்.

காற்று விரிப்பைப் பிடித்துப் படாரென்று உதறியது.

இன்னொரு தடவை, படார்.

இஸ்திரியின் கைகள் சேர்ந்தன. மாப்பிள்ளையின் கைகளும் சேர்ந்தன. இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முனை கைமாறியது. சுருக்கம் நீவப்பட்டது. பாதி, கால், அரைக்கால். நான்கே விநாடி. மடித்த விரிப்பை வைக்கத் தட்டு தேடினான் மாப்பிள்ளை. கண்ணில் பட்ட ஒரே தட்டையான இடம் வெள்ளித்தலையின் நீட்டிய கைகள், அதன்மேல் அந்தப் பை. அங்கே வைத்தான். ஓரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தான்.

உலகக் கால்பந்தின் துணைத் தலைவர், ரூம் பையன் மாதிரி கையில் பெட்ஷீட்டுடன் நின்றார். பதினைந்து கேமராக்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

"மாமா" என்றான் மாப்பிள்ளை மெதுவாக. "நாம இப்ப என்ன பண்ணோம்?"

*

படங்கள் வெளிவந்த வரிசைதான் இஸ்திரிக்கு எமனாக வந்தது.

ஏழு மணிக்கு முதல் படம். விரிப்பு கம்பீரமாக நிற்கிறது. அதற்கு மேலே இஸ்திரியின் நெற்றி. முதல் போன் மனைவியிடமிருந்து.

"என்னங்க, டிவில உங்க நெத்தி தெரியுது."

"யாரோட நெத்தியோ."

"பதினெட்டு வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? பக்கத்துல நிக்கறது என் தம்பி விரல்தானே? நகம் கடிச்சிருக்கு பாருங்க. என்ன வேல பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

அடுத்து மன்றத்தின் வாட்ஸ்அப் குழு திறந்துகொண்டது. வெள்ளித்தலை கைதானதற்கு விடியற்காலையிலிருந்து அங்கே கொண்டாட்டம். முதல் படம் வந்ததும் கொண்டாட்டம் நின்றது.

"யோவ் இஸ்திரி! எட்டு வருஷமா எங்ககூட உக்காந்து அழுதுட்டு, அந்த ஆளுக்கே திரை புடிக்கிறியா?" இது விசில். குரல் பதிவின் பின்னணியில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ தேச்ச ஜெர்சிய இனிமே நான் தொட மாட்டேன். கசங்கியே போட்டுக்கறேன்."

"எனக்கு அப்பவே சந்தேகம். பெனால்டின்னா இவரு கண்ண மூடிக்குவாரு. நேர்மையான ரசிகன் எதுக்குக் கண்ண மூடணும்?"

இஸ்திரி பதில் தட்டத் தொடங்கினார். "நண்பர்களே, நடந்தது என்னவென்றால்" என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் என்ன எழுதுவது? மறைத்தேன் என்பதா, மடித்தேன் என்பதா?

எட்டு மணிக்கு இரண்டாவது படம் வந்தது. கையில் மடித்த விரிப்புடன் வெள்ளித்தலை. பக்கத்தில், பணியை முடித்த திருப்தியுடன் இஸ்திரியும் மாப்பிள்ளையும்.

உலகம் முழுக்கச் சிரித்தது. பதினோராம் தெரு சிரிக்கவில்லை. அழுதது, ஆனந்தத்தில்.

"மடிச்சுக் கையில குடுத்தான் பாரு! 'உன் மானத்த நீயே வச்சுக்கோ'ன்னு சொல்ற மாதிரி!"

"மொதல்ல மறைக்கற மாதிரி நடிச்சு, எல்லா கேமராவும் ரெடியானதும் தொறந்து காட்டியிருக்கான்யா. என்னா மூளை!"

"நான் சொல்லல? பெனால்டி அப்ப அவரு கண்ண மூடிக்கறது பக்தில."

கடைசியில் விசிலின் செய்தி, எழுத்தில்: "பத்து மணிக்கு எல்லாரும் ஹோட்டல் வாசலுக்கு. நம்ம இஸ்திரியத் தோள்ல தூக்கணும். கொடி எடுத்துக்கங்க. கொடி கசங்கியிருந்தா பரவாயில்ல."

ஆனால் இஸ்திரியின் மேஜையில் வேறு ஒரு காகிதம் கிடந்தது. பத்து மணிக்கு விசாரணை. விருந்தினரின் அந்தரங்கத்தைக் காட்டிக்கொடுத்தது தொடர்பாக. இஸ்திரி, மாப்பிள்ளை இருவரும் ஆஜராகவும்.

வேலை போனால் ஒரு வேலை போகாது, இரண்டு போகும். ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் இஸ்திரி குடும்பம், மேல்தளத்தில் மாப்பிள்ளை குடும்பம். மாப்பிள்ளையை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மனைவியின் அடுத்த போனை அவர் எடுக்கவில்லை. எடுக்காமலே அவள் என்ன சொல்வாள் என்று காதில் கேட்டது.

*

மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நடப்பது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு என்று நம்புகிறவர். ஹோட்டல் முதலாளி பத்து நிமிடத்துக்கொரு தரம் போனில் கத்திக்கொண்டிருந்ததால் அவருடைய இடது காது சிவந்திருந்தது.

"முதலாளி ஒரே கேள்விதான் கேக்கறாரு" என்றார். "சதியா, பழக்கமா? பழக்கம்னா எழுத்துல ஒரு கண்டிப்பு, அதோட முடிஞ்சுது. சதின்னா ரெண்டு பேரும் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்."

"பழக்கம் சார்" என்றார் இஸ்திரி. "ரெண்டு உதறல் வந்தா கை தானா மடிச்சுடும்."

"தானா?"

"சத்தியமா சார். நீங்க வேணா ஒரு பெட்ஷீட் வரவழைச்சுப் பாருங்க."

வந்தது. மாமனும் மச்சானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். மேனேஜர் நடுவில் நின்று விரிப்பைப் பிடித்து ஒரு உதறு உதறினார். இன்னொரு உதறு.

ஒன்றும் நடக்கவில்லை.

இஸ்திரி தன் கைகளைப் பார்த்தார். மடி, மடி என்று மனசுக்குள் கெஞ்சினார். எந்தக் கை முதலில் போகும், இடதா வலதா? இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அதை யோசித்தார். யோசித்ததும் சுத்தமாக மறந்துபோனது. மாப்பிள்ளை பரீட்சை ஹாலில் நிற்பவன் மாதிரி வியர்த்துக்கொண்டு நின்றான்.

"தானா மடிச்சுடும்னீங்க."

"நீங்க பாக்கறீங்கல்ல சார், அதான்."

"காலையில பதினஞ்சு கேமரா பாத்துதே?"

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கத்திலிருந்து ஒரு விசில் சத்தம், அதைத் தொடர்ந்து கோஷம்.

"திட்டம் போட்டு மடித்தவரே!"

"வாழ்க! வாழ்க!"

"நேரம் பாத்துத் திறந்தவரே!"

"வாழ்க! வாழ்க!"

மேனேஜர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். கீழே மன்றமும் தெருவுமாக நாற்பது ஐம்பது பேர், கசங்கிய கொடிகளுடன். அவர் பேனாவை எடுத்துப் படிவத்தில் ஒவ்வொரு கோஷமாக எழுதிக்கொண்டார். "திட்டம் போட்டு" என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

"சார், அவங்க சும்மா சந்தோஷத்துல கத்தறாங்க!"

"நீங்க இந்த மன்றத்துல உறுப்பினரா?"

"துணைப் பொருளாளர் சார்."

அதற்குக் கீழேயும் ஒரு கோடு விழுந்தது.

"கடைசிக் கேள்வி. படிவத்துல இருக்கு, கேட்டாகணும். அந்த விருந்தினர்கிட்டேருந்து நீங்க ஏதாவது வாங்கினீங்களா?"

மாப்பிள்ளை "இல்ல சார்" என்றான் பட்டென்று.

இஸ்திரியின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. உலகமே பார்த்த நெற்றி.

"மாமா?"

இஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு நீண்ட வெள்ளைக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நேற்றுச் சாயங்காலம் நடந்தது. வெள்ளித்தலையின் கோட்டை அவசரமாகத் தேய்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. தேய்த்து எடுத்துக்கொண்டு அறைக்கே போனார் இஸ்திரி. இந்த ஆளை ஒருநாள் நேரில் பார்த்தால் என்ன கேட்பது என்று எட்டு வருடமாக ஒரு பேச்சு தயாராக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பேசியும் பார்த்திருக்கிறார். கோட்டின் மடிப்பைத் தடவிப் பார்த்து மகிழ்ந்த வெள்ளித்தலை, கால்பந்து பிடிக்குமா என்று கேட்டார். அவ்வளவு பெரிய பேச்சிலிருந்து இஸ்திரியின் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆமா சார், ரொம்ப சந்தோஷம் சார்." வெள்ளித்தலை ஒரு கவரை நீட்டினார். இஸ்திரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குனிந்தாரா என்று கேட்டால், குனிந்தார்.

மேனேஜர் கவரைப் பிரித்துப் பார்த்தார். அடுத்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நாலாவது வரிசை. இரண்டு பாஸ்.

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல சார். ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்கினேன்."

மாப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ரெண்டாவது பாஸ் யாருக்கு மாமா?"

"அத முடிவு பண்றதுக்குள்ள தூங்கிட்டேன்டா."

மேனேஜர் கவரை ஒரு விரலால் இஸ்திரியின் பக்கம் திருப்பித் தள்ளினார், சுடுகிற பாத்திரத்தைத் தள்ளுவதுபோல. "எனக்கு இது வேணாம். இன்ஸ்பெக்டர் அம்மா இன்னும் ஆறாவது மாடியிலதான் இருக்காங்க, அந்த ஆளோட ரூம சோதனை போட்டுக்கிட்டு. இத என்ன பண்ணணும்கிறது உங்க மனசாட்சி. என் கவலை வேற." ஜன்னலைக் காட்டினார். "பன்னெண்டு மணிச் செய்திக்கு டிவிக்காரங்க வர்றாங்க. அவங்க வரும்போது இந்தக் கூட்டம் நின்னு 'திட்டம் போட்டு'ன்னு கத்திச்சுன்னா, நான் பழக்கம்னு எழுதினாலும் முதலாளி நம்ப மாட்டாரு. அதுக்குள்ள அவங்கள அனுப்பிடுங்க. அனுப்பினா பழக்கம். இல்லேன்னா சதி."

மணி பதினொன்று இருபது.

*

வாசலுக்கு வந்தவுடனேயே தூக்கிவிட்டார்கள். ஒரு கால் விசிலின் தோளில், இன்னொரு கால் யாரோ ஒருவர் தோளில். இரண்டு தோளும் ஒரே உயரம் இல்லை.

"எறக்குங்கய்யா! நான் சொல்றதக் கேளுங்க. அது திட்டம் இல்ல. காத்து அடிச்சுது, கை தானா மடிச்சுடுச்சு!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

"என்னா அடக்கம் பாருய்யா!" என்றார் விசில். கண் கலங்கியிருந்தது. "வேற எவனாவது இருந்தா இந்நேரம் பேட்டி குடுத்துக்கிட்டு இருப்பான்."

"அடக்கம் இல்லய்யா, உண்மை! அஞ்சு நாளா அந்த ஆளு சட்டைய நான்தான் தேச்சேன். கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வச்சு, பாத்துப் பாத்துத் தேச்சேன்."

"வேவு பாத்திருக்கான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "அஞ்சு நாளா உள்ளயே இருந்து வேவு பாத்திருக்கான்யா!"

"வேவு பாத்தவரே! வாழ்க! வாழ்க!"

மூன்றாவது கோஷமும் பிறந்துவிட்டது. இஸ்திரி மேலே ஜன்னலைப் பார்த்தார். மேனேஜரின் பேனா ஆடுவது கீழேயிருந்தே தெரிந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் முகம், பரிதாபமாக.

இனி ஒரே வழிதான். அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

"நான் அந்த ஆள்கிட்ட கை நீட்டி வாங்கினேன்" என்றார் உரக்க.

கோஷம் அறுந்தது.

"என்ன வாங்கின?"

இஸ்திரி கவரைத் தூக்கிக் காட்டினார். "பாஸ். உலகக் கோப்பை ஃபைனல். நாலாவது வரிசை. நேத்து சாயந்திரம் குடுத்தாரு. ரெண்டு கையாலயும் வாங்கினேன். நன்றின்னு வேற சொன்னேன். போதுமா? எட்டு வருஷமா நாம திட்டின ஆள்கிட்ட நான் குனிஞ்சு வாங்கினேன். நான் வீரன் இல்ல. போங்க எல்லாரும் வீட்டுக்கு."

அவரை மெல்லக் கீழே இறக்கினார்கள். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பெனால்டி நேரத்துப் பழக்கம்.

விசில் தொண்டையைச் செருமினார்.

"எத்தன பாஸ்?"

"ரெண்டு."

"ரெண்டா?" விசில் அவர் சட்டைக் காலரை அன்பாகச் சரிசெய்தார். "பாரு இஸ்திரி, தப்பு அவன்மேல. குடுத்தவன்தான் குற்றவாளி. வாங்கினவன் என்ன பண்ணுவான், பாவம்? மன்றத்தோட செயலாளர்ங்கிற முறையில, ரெண்டாவது சீட்டுல உன் பக்கத்துல உக்காந்து உன்னப் பாத்துக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கு."

"அதெப்படி?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் கசங்கிய ஜெர்சிக்காரர். "இவருக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"ஆட்டோல தூக்கிட்டுப் போன. நான்தான் ஆட்டோ ஓட்டினேன்!" என்றார் மன்றத்து ஆட்டோக்காரர்.

"காலையில நீ அவன எட்டப்பன் ரேஞ்சுக்குப் பேசினியேய்யா!" என்று ஜெர்சிக்காரரைப் பிடித்துக்கொண்டார் விசில்.

"அது மொத போட்டோவுக்கு. ரெண்டாவது போட்டோவுக்கு நான் என்ன சொன்னேன், அத எடுத்துப் பாரு!"

நிமிடத்துக்கு நிமிடம் கூட்டம் பெருகியது. ரோட்டில் போனவர்கள் என்ன என்று கேட்டு, பாஸ் என்று தெரிந்ததும் உறவு கொண்டாடினார்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் இஸ்திரியைச் சித்தப்பா என்றார். ஊழல் ஒழிக என்று எழுதிய அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் அதன் மேலேயே ஏறி நின்று கை தூக்கினார், கொஞ்சம் உயரமாகத் தெரிவதற்காக.

"சண்ட வேணாம்!" விசில் ஊதினார். "நியாயமா குலுக்கல் போட்டுக்கலாம்!"

"யாரு எடுக்கறது? நீயா? உன் வீட்டு ஃப்ரிட்ஜு எங்களுக்குத் தெரியாதா?"

விசிலின் முகம் தொங்கிப்போனது. வாழ்க்கையில் முதல்முறையாக அவரைக் குளிர்ந்த பந்துக்காரர் பக்கம் நிறுத்தியிருந்தார்கள்.

மணி பதினொன்று நாற்பது. ரோட்டின் கோடியில் டிவிக்காரர்களின் வேன் தெரிந்தது.

இஸ்திரி கையிலிருந்த கவரைப் பார்த்தார். நாலாவது வரிசை. புல்லின் நிறம் தெரியும் தூரம். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவதுகூடக் கேட்கும். அவர் வாழ்நாளில் பார்த்த ஆட்டம் எல்லாம் டிவியில், அதிலும் விசிலின் தலை மறைத்தது போக மிச்சம்.

ஜன்னலில் மாப்பிள்ளை நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கும் கிடையாது" என்றார் இஸ்திரி.

"என்னது?"

"ரெண்டாவதும் கிடையாது, மொதலாவதும் கிடையாது. இது லஞ்ச வழக்குல சாட்சி. ஆறாவது மாடியில இன்ஸ்பெக்டர் இருக்காங்க. குடுக்கப் போறேன்."

மறைத்ததற்கு மன்னித்தவர்கள், வாங்கியதற்கும் மன்னித்தவர்கள், இதற்கு மன்னிக்கவில்லை.

"பைத்தியமாய்யா உனக்கு?" விசிலின் குரல் உடைந்தது. "ஃபைனல்யா! நாலாவது வரிசைய்யா! போலீஸ் அத வாங்கி என்ன பண்ணும், பீரோல போட்டுப் பூட்டும். சீட்டு காலியா கெடக்கும்! காலி சீட்டு! அது ஃபுட்பாலுக்கே பண்ற துரோகம் இல்ல?"

"தப்பு பண்ணவன்கூடப் பரவாயில்ல" என்றார் ஆட்டோக்காரர். "பொழைக்கத் தெரியாதவன்கூட நான் நிக்க மாட்டேன்."

"மொத போட்டோல பாத்தமே அந்த நெத்தி, அதுதான்யா இவனோட உண்மையான நெத்தி. வாங்க போலாம்."

கொடிகள் சுருண்டன. சித்தப்பா என்றவர் பஸ் ஏறிவிட்டார். மூன்றே நிமிடத்தில் வாசல் காலி. மன்றத்தின் குழுவிலிருந்து இஸ்திரி நீக்கப்பட்டார் என்று போன் ஒரு தரம் துடித்துச் சொன்னது. கடைசியாகப் போன விசில், தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறார் என்றுதான் இஸ்திரி நினைத்தார். இல்லை, கவரைப் பார்த்தார்.

டிவிக்காரர்கள் வந்து இறங்கியபோது ஹோட்டல் வாசலில் ஒரு காவலாளியும் கசங்கிய ஒரு கொடியும்தான் இருந்தன.

மேலே, மேனேஜர் படிவத்தில் "பழக்கம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் எழுத்துமூலம் கண்டிப்பு. "இனிமே யாரையாவது மறைக்கணும்னா ரூம் பசங்களத்தான் கூப்பிடுவேன். அவங்களுக்கு மடிக்கத் தெரியாது" என்றார்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளை இஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காகிட்ட நானே சொல்லிடறேன் மாமா. வேல போகலன்னு மட்டும் சொல்றேன். பாஸ் விஷயத்த விட்டுடலாமா?"

"விட்டுடு. ஒண்ணு அவளுக்கு வச்சிருந்தேன்னு அவ நம்ப மாட்டா."

"நெஜமாவே வச்சிருந்தீங்களா?"

"நட, நட."

*

ஆறாவது மாடி அறையில் இன்ஸ்பெக்டர் அம்மா பெட்டிகளை எண்ணி அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி நடந்ததைச் சொல்லி, கவரை நீட்டினார். இந்த முறை ஒரே கையால்.

இன்ஸ்பெக்டர் வாங்கி, பாஸ்களை வெளியே எடுத்தார். எண்ணைக் குறித்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். உறையின் வாயை ஒட்டுவதற்குப் பசைத்தாளை உரித்தவர், உரித்த கையோடு நின்றுவிட்டார்.

"நாலாவது வரிசையா?"

"ஆமா மேடம்."

"எந்தப் பக்கம்?"

"கோல் போஸ்ட்டுக்கு நேர் பின்னாடி மேடம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பன்னெண்டு வருஷம் போலீஸ் டீமுக்கு நான்தான் கோல்கீப்பர்" என்றார், அட்டவணையைப் பார்த்துக்கொண்டே. "அந்த இடத்துலேருந்து பாத்தா கோல்கீப்பரோட முதுகு தெரியும். பந்து வர்றதுக்கு முன்னாடி அவங்க எந்தப் பக்கம் சாயறாங்கன்னு முதுகு சொல்லிடும். டிவில அத ஒருநாளும் காட்ட மாட்டான்."

"தெரியும் மேடம்" என்றார் இஸ்திரி. அவருக்குத் தெரியாது. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டான்.

"ஒட்டிட்டா அப்பறம் கோர்ட்டுலதான் பிரிப்பாங்க" என்றார். "அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஃபைனல் முடிஞ்சு போயிருக்கும்."

"ஆமா மேடம்."

"ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கறீங்களா?"

இஸ்திரி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றான். இன்ஸ்பெக்டர் உறையை மேஜையின் நடுவில் வைத்து, வெளிச்சம் படும்படி கொஞ்சம் திருப்பினார்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.